முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஒலி ஃபைலைப் பத்திரமாகத் திறப்பது எப்படி?

ஒலி ஃபைலை யாரும் சந்தேகப்படுவதில்லை. மின்னஞ்சலில் ஒரு புரோகிராம் இணைப்பாக வந்தால் கை வைக்கத் தயங்குவோம். ஒரு எம்பி3 வந்தால் உடனே கேட்டுப் பார்ப்போம். ஆனால் அந்த ஃபைலைச் சத்தமாக மாற்றித் தருகிற டிகோடரும் ஒரு புரோகிராம்தான். பெரும்பாலும் வேகத்துக்காக சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டது. ஃபைலுக்குள் இருக்கும் எண்களைப் பார்த்துத்தான் அது மெமரி ஒதுக்குகிறது, அதில் எழுதுகிறது. அந்த எண்களை எழுதியவர் ஃபைலை அனுப்பியவர்.

நான் ஒலிப்பதிவுக் காப்பகம் ஒன்றின் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். போனில் பதிந்த நேர்காணல்கள், கேசட்டிலிருந்து மாற்றியவை, யாரோ எந்தக் காலத்திலோ ஏதோ மென்பொருளில் சேமித்து வைத்தவை என்று எல்லாம் வந்து சேரும். "தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள்" என்ற அறிவுரை எங்களுக்கு உதவாது, திறப்பதுதான் எங்கள் வேலை. அதனால் திறக்கும் விதத்தில் கவனம் வைக்கிறோம். பாட்காஸ்ட் தளம் நடத்துபவர், குரல் பதிவை ஏற்கும் ஆப் எழுதுபவர், வகுப்பு ஒலிப்பதிவுகளைத் திரட்டும் ஆசிரியர் என யாருக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் பாதுகாப்பு ஓட்டை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள்

ஏஐஎஃப்எஃப் என்ற பழைய, எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பகுதியில் 18 பைட் அளவுள்ள ஒரு துண்டு இருக்கும். எத்தனை சேனல் என்பதற்கு 2 பைட், ஒரு சேனலுக்கு எத்தனை சாம்பிள் (ஒலி அலையின் ஒரு கணத்து அளவு) என்பதற்கு 4 பைட், ஒரு சாம்பிளுக்கு எத்தனை பிட் என்பதற்கு 2 பைட், மீதி 10 பைட்டில் சாம்பிள் வேகம். அவ்வளவுதான்.

டிகோடர் எழுதுபவர் இயல்பாக என்ன செய்வார்? சாம்பிள் எண்ணிக்கையைச் சேனல் எண்ணிக்கையால் பெருக்குவார். ஒரு சாம்பிளை 4 பைட்டாக வெளியே தருவதாக இருந்தால் அதையும் 4 ஆல் பெருக்குவார். வரும் விடை அளவுக்கு ஒரு பஃபர், அதாவது தற்காலிக மெமரி இடம், கேட்பார். இப்போது ஃபைலில் சேனல் 2, சாம்பிள் 53,68,70,920 என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். 8 ஆல் பெருக்கினால் 429 கோடியைத் தாண்டும் ஓர் எண் வரவேண்டும். ஆனால் கணக்கு 32 பிட்டில் நடந்தால் அந்த எண் அதில் அடங்காது. மேலே உள்ள பிட் உதிர்ந்துபோய் மிஞ்சுவது 64. டிகோடர் 64 பைட் பஃபர் வாங்கிக்கொண்டு, 53 கோடி சாம்பிள் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் எழுதத் தொடங்குகிறது. 65ஆவது பைட்டிலிருந்து அது எழுதுவதெல்லாம் வேறு யாருடைய மெமரியிலோ போய் விழுகிறது. எதை, எங்கே விழவைப்பது என்று அனுப்பியவர் திட்டமிட்டால் புரோகிராமின் கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2024 டிசம்பரில் சாம்சங் சரிசெய்த சிவிஇ-2024-49415 என்ற ஓட்டையும் இதே குடும்பம்தான் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண்). ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த நடாலி சில்வனோவிச் கண்டுபிடித்தது. மங்கீஸ் ஆடியோ என்ற வடிவத்தைப் படிக்கும் சாம்சங்கின் லைப்ரரிக்கு (புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) கிடைத்த பஃபரின் அளவு 11,79,648 பைட். ஒரு ஃபிரேமில், அதாவது ஒலியின் ஒரு துண்டில், எத்தனை பிளாக் (இந்த வடிவத்தில் சாம்பிளைச் சொல்லும் பெயர்) இருக்கலாம் என்பதற்கும் அதே 11,79,648 என்ற உச்சவரம்பு சோதிக்கப்பட்டது. பார்த்தால் சரிதான் என்று தோன்றும். ஆனால் 24 பிட் ஒலியில் ஒரு சாம்பிளுக்கு 3 பைட். ஆக, எழுதக்கூடியது பஃபரைப்போல மூன்று மடங்கு. சோதனை இருந்தது, அலகுதான் தவறு.

அந்த ஓட்டையில் என்னைக் கவலைப்பட வைத்தது இன்னொன்று. கேலக்ஸி எஸ்23, எஸ்24 போன்களில் கூகுள் மெசேஜஸ் ஆர்சிஎஸ் வசதியோடு (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலான புதிய செய்தி முறை) இருந்தால், வந்த குரல் செய்தியை எழுத்தாக மாற்றித் தருவதற்காக போன் அதை முன்கூட்டியே டிகோட் செய்துவிடும். உரிமையாளர் செய்தியைத் திறக்கவே வேண்டாம். 2025இல் அதே குழுவினர் வெளியிட்ட டால்பி டிகோடர் ஓட்டையும், சிவிஇ-2025-54957, ஆண்ட்ராய்டில் இதே வழியாகத்தான் தொடாமலே எட்டக்கூடியதாக இருந்தது. அங்கேயும் காரணம் ஒரு நீளக் கணக்கு பிட் அளவைத் தாண்டிச் சுருண்டதுதான்.

எங்கெல்லாம் டிகோட் நடக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்

இதனால்தான் முதல் வேலையாக, பிளே பட்டனை மறந்துவிட்டு, ஒரு ஃபைல் உள்ளே வந்ததும் எந்தெந்தப் புரோகிராம் அதைத் தொடுகிறது என்று பட்டியல் போடச் சொல்கிறேன். அலைவடிவப் படம் வரைவது, சத்த அளவைச் சமன்செய்வது, நீளம் எவ்வளவு என்று காட்டுவது, பேச்சை எழுத்தாக்குவது, ஃபைல் மேலாளரில் சிறுபடம் காட்டுவது, டெஸ்க்டாப் தேடலுக்காக அட்டவணை போடுவது. வைரஸ் ஸ்கேனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஃபைலைப் பிரித்துப் படிக்கும் புரோகிராம்தான்.

அட்டவணை போடும் புரோகிராமை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. 2023 அக்டோபரில் கிட்ஹப்பைச் சேர்ந்த கெவின் பேக்ஹவுஸ் வெளியிட்ட சிவிஇ-2023-43641ஐப் பாருங்கள். சிடியின் பாட்டு வரிசையைச் சொல்லும் கியூ என்ற சிறிய எழுத்து ஃபைல் உண்டு. லினக்ஸின் குனோம் டெஸ்க்டாப்பில் டவுன்லோட் ஃபோல்டருக்குள் அப்படி ஒரு ஃபைல் விழுந்தாலே போதும், டிராக்கர் என்ற அட்டவணை புரோகிராம் அதைத் தானாகப் படித்துவிடும். படிக்கும் லிப்கியூ லைப்ரரியில் இன்டெக்ஸ் எண் உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் ஒரு சோதனை இருந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா என்று இல்லை. 4,29,45,67,296 என்று ஒரு வரியில் எழுதினால் 32 பிட்டில் அது கழித்தல் 4,00,000 ஆகிவிடும். உச்சவரம்பைவிடச் சின்ன எண்தானே என்று சோதனை அதை உள்ளே விட்டுவிடும். அப்புறம் எழுதுவது பஃபருக்கு வெகுதூரம் முன்னால் உள்ள மெமரியில்.

பட்டியல் கையில் வந்ததும், தேவையில்லாததை நிறுத்துங்கள். எங்கள் சர்வரில் டெஸ்க்டாப் அட்டவணை எதுவும் ஓடாது. வந்த ஃபைல் ஒரே ஒரு ஃபோல்டரில் விழும். அந்த ஃபோல்டரைப் படிக்க ஒரே ஒரு புரோகிராமுக்குத்தான் அனுமதி.

வடிவங்களைக் குறையுங்கள்

ஃபைலின் பெயரில் .எம்பி3 என்று இருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. 2016 டிசம்பரில் கிரிஸ் எவன்ஸ் இதைத் தெளிவாகக் காட்டினார். சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியின் இசையைச் சேமிக்கும் ஒரு பழைய வடிவம் உண்டு. அதை ஒலிக்கவைக்க அந்தப் பெட்டியின் ஒலிச் சிப்பையே மென்பொருளில் போலச் செய்ய வேண்டும். அந்தப் போலி சிப்பில் ஓர் ஓட்டை. ஃபைலின் பெயரை எம்பி3 என்றோ ஃபிளாக் என்றோ மாற்றி வைத்தால், ஃபெடோரா, உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இருந்த ஜிஸ்ட்ரீமர் என்ற மீடியா மென்பொருள் உள்ளடக்கத்தைப் பார்த்து அது எந்த வடிவம் என்று தானே கண்டுபிடித்து, சரியாக அந்த ஓட்டை டிகோடரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. வாழ்நாளில் நின்டெண்டோ இசையே கேட்டிராதவரின் கணினியிலும் அந்த டிகோடர் காத்துக்கொண்டு இருந்தது.

ஒலி, ஒளி ஃபைல்களை வடிவம் மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நிலைதான். அதற்குள் பல நூறு டிகோடர்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாது. நான் செய்வது இது: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்து, நானே ஒரு எஃப்எஃப்எம்பெக்கைக் கம்பைல் செய்து (மூலக் கோடிலிருந்து உருவாக்கி) வைத்திருக்கிறேன். வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக், எம்பி3, ஏஏசி, ஆப்பஸ், வோர்பிஸ். எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். வேறு ஏதாவது வந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்வார். கம்பைல் செய்ய வசதி இல்லாதவர்கள், இயக்கும்போதே எந்த ஃபார்மட், எந்தக் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), எந்த புரோட்டோகால் (ஃபைலை எடுக்கும் வழி) அனுமதி என்று வெள்ளைப் பட்டியல் கொடுக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கில் மூன்றுக்கும் தனித்தனி ஆப்ஷன் உண்டு.

புரோட்டோகாலை மறந்துவிடாதீர்கள். இணைய ஒளிபரப்பைத் துண்டு துண்டாக அனுப்பப் பயன்படும் எச்எல்எஸ் பிளேலிஸ்ட் என்பது வெறும் எழுத்து ஃபைல். "அடுத்த துண்டை இந்த முகவரியிலிருந்து எடு" என்று அதில் எழுதியிருக்கும். அதையே ஒரு மீடியா ஃபைல் பெயரில் பதிவேற்றி, முகவரி இருக்கும் இடத்தில் சர்வரின் சொந்த ஃபைல் ஒன்றின் பாதையைப் போட்டு, அதன் உள்ளடக்கத்தை வெளியே கறக்கும் தாக்குதல் எஃப்எஃப்எம்பெக்கில் நடந்திருக்கிறது. அதில் மெமரிப் பிழை எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது, அவ்வளவே. உள்ளூர் ஃபைலைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, பிளேலிஸ்ட் வடிவங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் இந்த வழி அடைபடும்.

டிகோடரைத் தனி அறையில் பூட்டுங்கள்

எல்லாவற்றிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். எந்த ஓட்டை நாளை வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிகோடரை ஒருவர் கைப்பற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பற்றிய பிறகு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

பெரிய நிறுவனங்களும் இந்த வழிக்குத்தான் வந்தன. 2015இல் ஆண்ட்ராய்டின் மீடியா லைப்ரரியான ஸ்டேஜ்ஃபிரைட்டின் ஓட்டைகள் வெளிவந்தபோது, ஆண்ட்ராய்டில் மீடியா வேலைகளைச் செய்த ஒரே புரோசஸுக்கு ஏராளமான அனுமதிகள் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7இல் அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் வைத்தார்கள். 2018 மார்ச்சில் போன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியில் ரிச்சர்ட் ஜூ வோர்பிஸ் டிகோடர் வழியாக ஃபயர்ஃபாக்ஸை உடைத்துக் காட்டினார். பின்னர் 2021 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 95, வோர்பிஸ் ஒலியைப் பொதிந்து வைக்கும் ஓக் வடிவத்தின் லைப்ரரியை ஆர்எல்பாக்ஸ் என்ற தனிக் கூண்டுக்குள் வைத்தது.

சிறிய சர்வரில் இதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் இல்லை. லினக்ஸில் புரோகிராமைத் தனிமைப்படுத்தும் பபுள்ராப் என்ற கருவி போதும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் அமைப்புகளே போதும் என்றுகூடச் சொல்வேன். டிகோட் செய்வதற்கென்று தனிப் பயனர் கணக்கு. நெட்வொர்க் அறவே கிடையாது. வீட்டு ஃபோல்டர்கள் கண்ணில் படாது. புதிய அதிகாரம் பெற முடியாது. உள்ளே வரும் ஃபைல் படிக்க மட்டும். அதைப் பைப் வழியாக (ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர் ஓட்டமாக) கொடுக்காமல் ஃபைலாகவே கொடுங்கள். எம்4ஏ போன்ற வடிவங்களில் அட்டவணை சில சமயம் ஃபைலின் கடைசியில் இருக்கும். டிகோடர் முன்னும் பின்னும் நகர்ந்து படிக்க வேண்டியிருக்கும், பைப்பில் அது முடியாது.

மெமரிக்கு எங்கள் வரம்பு 512 எம்பி. நேரத்துக்கும், வெளியே வரும் பைட்டுக்கும் வரம்பு உண்டு. ஒரு மணி நேர ஸ்டீரியோ, 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் 69,12,00,000 பைட் வரும். எவ்வளவு நீளமான பதிவை ஏற்பீர்கள் என்று முடிவு செய்து, இந்தக் கணக்கை வைத்து வரம்பு போடுங்கள். ஃபிளாக்கில் 65,535 சாம்பிள் நீள அமைதியை 20 பைட்டுக்குள் சுருக்கி வைக்கலாம். ஒரு சின்ன ஃபைல் உங்கள் வட்டு முழுவதையும் மௌனத்தால் நிரப்பிவிடும்.

கூண்டுக்கு வெளியே வருவது எதுவாக இருக்க வேண்டும்? வெறும் பிசிஎம் சாம்பிள்கள், அதாவது சுருக்காத ஒலி எண்கள் மட்டும். தலைப்பகுதி இல்லாமல், சேனல் எண்ணிக்கையையும் வேகத்தையும் முன்கூட்டியே நிர்ணயித்து, எண்களின் வரிசையாக. பிசிஎம்மில் நீளம் சொல்லும் புலம் இல்லை, துண்டு இல்லை, அட்டவணை இல்லை. ஏமாற்றுவதற்கு இடமே மிகக் குறைவு. வெளியே இருக்கும் புரோகிராம் அந்த எண்களை வாங்கிப் புதிதாக ஒரு ஃபிளாக் எழுதுகிறது. கேட்பவர்களுக்கும், பேச்சை எழுத்தாக்கும் புரோகிராமுக்கும் போவது இந்தப் புதிய ஃபைல். காப்பகம் என்பதால் மூலத்தைத் தூக்கிப் போட மாட்டோம். அதன் ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற எண்) குறித்துக்கொண்டு, யாரும் நேரடியாகத் திறக்காத இடத்தில் வைத்துவிடுவோம்.

எம்பி3க்குள் பாட்டு விவரங்களை வைக்கும் ஐடி3 டேக்கில் ஆல்பம் படம் இருக்கும். அந்தப் படத்தைக் காட்டினால் படம் படிக்கும் லைப்ரரியின் ஓட்டைகளும் கணக்கில் வந்துவிடும். படத்தைக் கழற்றிவிடுங்கள். தலைப்பு, பாடியவர் பெயர் போன்ற எழுத்துகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வலைப்பக்கத்தில் காட்டும்போது முன்பின் தெரியாதவர் தட்டச்சு செய்த எழுத்தைப்போல நடத்துங்கள். பாட்டின் தலைப்பில் யாரும் ஸ்கிரிப்ட் எழுதலாம்.

அப்டேட் செய்தாயிற்றா? எந்தப் பிரதியை?

சிஸ்டத்தை அப்டேட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் டிகோடர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பைதானில் சவுண்ட்ஃபைல் என்ற பேக்கேஜை நிறுவினால் அது லிப்சவுண்ட்ஃபைலின் சொந்தப் பிரதியோடு வரும். பைஏவி தன் எஃப்எஃப்எம்பெக்கைத் தானே கொண்டுவரும். சிஸ்டத்தில் இருப்பது புதிதாகவும், உங்கள் புரோகிராம் உண்மையில் பயன்படுத்துவது பழையதாகவும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் எந்தெந்த லைப்ரரியை ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் உண்மை.

பிரதி எடுத்தவர்கள் மூலத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் லாஸ்லெஸ் கோடெக் சாட்சி. 2011இல் ஆப்பிள் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. தன் சொந்தப் பிரதியைத் தொடர்ந்து திருத்திவந்தது. வெளியிட்ட பிரதி அப்படியே கிடந்தது. குவால்காமும் மீடியாடெக்கும் அந்தப் பிரதியை எடுத்துத் தங்கள் டிகோடர்களில் சேர்த்துவிட்டன. செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொல்லி, 2021 டிசம்பரில்தான் இரு நிறுவனங்களும் பேட்ச் வெளியிட்டன. எம்பி3க்கான லிப்மேட் லைப்ரரியின் கடைசி அதிகாரபூர்வ வெளியீடு 2004இல். உங்கள் பட்டியலில் அது இருந்தால் இன்றே மாற்றுங்கள். புதிதாக எழுதுபவர்கள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட சிம்ஃபோனியாவைப் பார்க்கலாம். பஃபரைத் தாண்டி எழுதும் வகைப் பிழைகளைப் பெரும்பாலும் மொழியே தடுத்துவிடும்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: அப்டேட் வந்த அன்றே போடுங்கள். 2025 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 18.4.1ஐ வெளியிட்டபோது, அதன் ஒலி லைப்ரரியான கோர் ஆடியோவில் இருந்த ஓட்டையை வைத்துக் குறிப்பிட்ட சிலர் ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லியே வெளியிட்டது.

நீங்களே சோதிக்க விரும்பினால்

உங்கள் சொந்தக் கணினியில், உங்கள் சொந்தப் பிரதியில் மட்டும். டிகோடரை அட்ரஸ் சானிடைசர் என்ற மெமரிப் பிழை பிடிக்கும் கருவியோடு கம்பைல் செய்யுங்கள். அது இல்லாமல் பல ஓட்டைகள் சத்தமே போடாது, பஃபரைத் தாண்டி ஒரு பைட் எழுதினாலும் புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சானிடைசர் அந்த முதல் பைட்டிலேயே நிறுத்தி, எந்த வரி என்று காட்டும். பிறகு ஏஎஃப்எல்++ போன்ற ஃபஸ்ஸரிடம் (ஃபைலைப் பல விதமாக மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிக்கும் கருவி) விதையாகச் சில ஃபைல்களைக் கொடுங்கள். விதை மிகச் சிறிதாக இருக்கட்டும், அரை நொடி, ஒரு சேனல் போதும். ஐந்து நிமிடப் பாட்டைக் கொடுத்தால் ஃபஸ்ஸர் ஒலித் தரவைக் குழப்பிக்கொண்டே நேரத்தை வீணாக்கும், ஓட்டை இருக்கும் தலைப்பகுதிக்கு வந்து சேர நாளாகும்.

ஓக், ஃபிளாக் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அல்லது ஃபிரேமுக்கும் சிஆர்சி சரிபார்ப்பு (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சோதனை எண்) இருக்கிறது. ஃபஸ்ஸர் ஒரு பைட்டை மாற்றியதும் சரிபார்ப்பு தோற்று, உள்ளே இருக்கும் கோட் ஓடவே ஓடாது. சோதனைக்கான பிரதியில் மட்டும் அந்தச் சரிபார்ப்பைக் கழற்றிவிட்டுக் கம்பைல் செய்ய வேண்டும். சிஆர்சி இருப்பதால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைட்டை மாற்றியவரால் சிஆர்சியையும் திரும்பக் கணக்கிட்டு எழுத முடியும்.

க்ராஷ் கிடைத்தால், அந்த ஃபைலைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஃபஸ்ஸரோடு வரும் கருவியால் அதை முடிந்தவரை சிறிதாக்குங்கள். லைப்ரரியின் பதிப்பு எண், கம்பைல் செய்த விதம், சானிடைசரின் முழு வெளியீடு மூன்றையும் சேர்த்து, பராமரிப்பாளரின் பாதுகாப்பு முகவரிக்குத் தனிப்பட அனுப்புங்கள். பெரும்பாலான ஒலி லைப்ரரிகளை ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில்தான் பராமரிக்கிறார்கள். ஓட்டையை வெளியிடும் முன் புராஜெக்ட் ஜீரோ நிறுவனங்களுக்குக் கொடுக்கும் 90 நாள் கெடு பலருக்கும் ஒரு அளவுகோலாக இருக்கிறது, ஆனால் தனி ஆளிடம் பேசும்போது கெடுவை முதல் வரியிலேயே வைக்க வேண்டாம். திருத்தம் எழுதத் தெரிந்தால் அதையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை உங்கள் வெள்ளைப் பட்டியலிலிருந்து அந்த வடிவத்தை எடுத்து வையுங்கள்.